சிரிப்புக் கொடி

அந்தப் பள்ளிக்கூடத்தில் எதற்கெடுத்தாலும் போட்டிதான். நகம் வெட்டுவதில் போட்டி, வரிசையில் நிற்பதில் போட்டி, தண்ணீர் குடிப்பதில்கூடப் போட்டி. ஒரு வருடம் சத்தம் போடாமல் இருப்பதற்கு ஒரு கோப்பை வைத்தார்கள். அதை ஜெயித்த வகுப்பு போட்ட கூச்சலில் எதிர்க் கட்டடத்திலிருந்து ஓர் ஆள் வந்து, என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார். எல்லாம் தலைமையாசிரியையின் ஏற்பாடு. பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். மனதுக்குள் நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஆசிரியர்கள் அறையில் பட்டாசு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது அந்தப் பெயரிலேயே இருந்தது. ஆனால் டீச்சருக்குத் தெரியும். தெரிந்து, கொஞ்சம் பெருமையும் உண்டு.

சின்னப் பிள்ளைகளுக்கு மனநல விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது பட்டாசு வழக்கம்போலத்தான் பொரிந்தார். ஏழு வயசுக்கும் எட்டு வயசுக்கும் மனநலமா, இருக்கிற பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கு ஒரு ஆள் வேறா என்றார். அந்த ஆளும் வந்தார். இளம் பயிற்சியாளர், தோளில் துணிப்பை, குரலில் அவசரம் கிடையாது. தரையில் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அம்மாகிட்ட சொல்லுவோம்."

"மறைச்சு வப்பீங்களா?"

"மாட்டோம்."

"மனசுக்கும் அப்படித்தான். பயம் வரும், அழுகை வரும், கோபம் வரும். வந்தா தப்பில்ல. மறைக்க வேணாம். உங்களுக்கு நம்பிக்கையான பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லிடணும். அவ்வளவுதான் பாடம்."

அவ்வளவுதான் பாடம். பின்னால் நின்றிருந்த டீச்சருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டை போட வந்தவருக்குச் சண்டை போட ஒன்றுமே அகப்படவில்லை.

பயிற்சியாளர் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பலகை கொடுத்தார். அதில் ஐந்து முகங்கள். சிரிப்பு, அழுகை, கோபம், பயம், இன்னதென்று சொல்ல முடியாமல் சும்மா பார்க்கும் ஒரு முகம். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஒரு கயிறு. பலகையின் அடியில் பொடி எழுத்தில் ஓர் உதவித் தொலைபேசி எண். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துணிக் கிளிப், அதில் அவரவர் வரைந்து ஒட்டிய ஒரு படம். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் தன் கிளிப்பைத் தன் மனசு இருக்கும் முகத்துக்குக் கீழே மாட்ட வேண்டும். சிரிப்பைத் தவிர வேறு எங்கே மாட்டியிருந்தாலும் டீச்சர் அன்றைக்கு அந்தக் குழந்தையோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும். ஒரு வாரத்துக்குள் மூன்றாம் வகுப்பில் யாருக்கும் வீட்டில் வைத்த பெயர் இல்லாமல் போயிற்று. ரயில் வரைந்தவன் ரயில், பூசணி வரைந்தவள் பூசணி, குடை வரைந்தவள் குடை.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. ரயில் ஒரு நாள் கோபத்தில் மாட்டியிருந்தான். விசாரித்தால், வீட்டில் தன்னைக் கேட்காமலேயே தம்பியைப் பெற்றுவிட்டார்களாம். பூசணி பயத்தில் மாட்டியிருந்தாள். பள்ளிக்கூடக் கழிப்பறையில் ஃப்ளஷ் சங்கிலியை இழுத்தால் வரும் தண்ணீர்ச் சத்தம் தன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அவள் நம்பியிருந்தாள். அதற்குப் பயந்து பகல் முழுக்க அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். டீச்சர் அவளைக் கூட்டிப்போய், இரண்டு பேருமாகக் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை இழுத்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை இழுத்தார்கள். மூன்றாவது தடவை பூசணி தானே இழுத்துவிட்டு வெளியே வந்து, எல்லோரிடமும் தம்பட்டம் அடித்தாள். இத்தனை வருஷமாக எத்தனை பூசணிகளை வயிற்று வலி என்று வீட்டுக்கு அனுப்பினோமோ என்று டீச்சருக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

அப்போதுதான் பெரிய டீச்சர் சுற்றுப் பார்வைக்கு வந்தார். பலகையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல விஷயம் டீச்சர். ஆனா சும்மா மாட்டிட்டுப் போனா பிள்ளைங்களுக்கு ஒரு பிடிப்பு இருக்காது பாருங்க. ஒரு கொடி வச்சுடலாம். எந்த வகுப்புல சிரிப்பு அதிகமோ, அந்த வாரம் கொடி அந்த வகுப்புக்கு."

"மேடம், இதுல என்ன போட்டி? அழுகை வந்தா அழுகையிலதானே மாட்டணும்?"

"அழுகை வராம பாத்துக்கறதுதானே நம்ம வேலை?"

கேட்க அழகாகத்தான் இருந்தது. காய்ச்சல் வராதவர்களுக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டால் எந்தப் பிள்ளையாவது காய்ச்சல் என்று வாயைத் திறக்குமா என்று டீச்சர் கேட்டார். ஆசிரியர் கூட்டத்திலும் கேட்டார். அடுத்த கூட்டத்திலும் கேட்டார். "நீங்க எதுக்கெடுத்தாலும் இப்படித்தான்," என்றார் பெரிய டீச்சர், கோபமே இல்லாமல். மற்ற ஆசிரியர்கள் தங்கள் டீ கிளாஸுக்குள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் துணியில் கொடி தைத்து வந்தது. கூடவே ஒவ்வொரு பலகைக்கும் பளபளப்பான ஒரு பட்டை. 'சிரிப்போம், ஜெயிப்போம்!' அதை ஒட்ட வேறு இடம் இல்லாததால் பலகையின் அடியில், அந்தப் பொடி எழுத்து எண்ணின் மேலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். காலை மணி அடித்ததும் உடற்பயிற்சி ஆசிரியர் விசிலும் கையுமாக வகுப்பு வகுப்பாக வந்து சிரிப்பைக் கணக்கெடுக்க ஆரம்பித்தார். ஓடாதே என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்த மனிதர். அவருக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லிக்கொள்ளவில்லை.

பிள்ளைகளுக்குப் புரிய ஒரே ஒரு நாள் போதுமாக இருந்தது. ரயில் கதவு இடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட வந்து, சிரிப்பில் மாட்டினான்.

"ஏண்டா, வலிக்கலையா?"

"வலிக்குது டீச்சர். ஆனா இப்போ பி.டி. சார் வருவாரு."

டீச்சருக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. பாடம் சொல்லிக்கொடுத்தால் பதினைந்து நாள் இழுக்கும் பையன், பொய்யை எவ்வளவு சுத்தமாகப் படித்துவிட்டான். வகுப்பே படித்துவிட்டது. காலையில் பலகையைப் பார்த்தால் சிரிப்புக் கயிறு பாரம் தாங்காமல் தொங்கும். மற்ற நான்கு கயிறும் காலியாக ஆடும். பயத்தின் கீழ் மட்டும் ஒற்றைக் கிளிப். குடை.

குடை சின்ன உருவம். தலையைத் தானே பின்னிக்கொண்டு வருவாள். ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்குப் பக்கத்திலும் இருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், கேட்காததைப் பேச மாட்டாள். கொடி வருவதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை டீச்சர் அவளிடம் எதற்குப் பயம் என்று கேட்டிருந்தார். "தெரியல டீச்சர்," என்பாள். கணக்குப் பரீட்சையாக இருக்கும் என்று டீச்சரும் விட்டிருந்தார்.

கொடி கிடைக்காத முதல் திங்களன்று வகுப்பு மொத்தமும் திரும்பி குடையைப் பார்த்தது. இரண்டாவது திங்கள் அவளோடு யாரும் பென்சில் பகிரவில்லை. மூன்றாவது வாரம் அவள் கிளிப்பைக் காணவில்லை. பென்சில் சீவிய குப்பைக்குள் கிடந்தது. அவள் அதைத் தேடி எடுத்து, ஊதித் துடைத்து, மறுபடியும் பயத்தின் கீழே போய் மாட்டினாள். ரயில் அவள் பின்னாலேயே போனான். டீச்சர் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. மிரட்டவெல்லாம் இல்லை, நியாயம் பேசுகிற குரலில்தான் சொன்னான்.

"நீ பயந்துக்க குடை. வேணாங்கல. ஆனா அங்க மாட்டாத."

டீச்சர் அவனை அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய ஆள் அவன் இல்லை. ஒரு பெரிய மனுஷனுடைய வாழ்நாள் புத்தியை மூன்றாம் வகுப்புப் பையன் வாயில் யார் ஊட்டியது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இடைவேளையில் குடையைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனார். "எதுக்குப் பயம்?" என்று இந்தத் தடவை கேட்கவில்லை. "எப்போலேர்ந்து வரும்?" என்று கேட்டார்.

"காலையில வீட்டுக் கதவைச் சாத்தறப்போ வரும் டீச்சர்."

"யாரு சாத்துவா?"

"நான்தான். அம்மா எந்திரிக்க மாட்டாங்க." குழாயைத் திறந்தாள். "முன்னாடி எந்திரிப்பாங்க. இப்போ சுவரு பக்கம் பாத்துப் படுத்தே இருப்பாங்க. சாப்பிட மாட்டாங்க. நான் ஊட்டினா ரெண்டு வாய். சில நாள் சத்தமில்லாம அழுவாங்க."

"அப்பா?"

"லாரி ஓட்டப் போயிடுவாரு. வந்தா ரெண்டு நாள் இருப்பாரு. அம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னு நெனச்சுக்கிட்டு மாத்திரை வாங்கிக் குடுத்துட்டுப் போவாரு."

"சரி."

"சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினா தெறக்க ரொம்ப நேரமாகும். ஒரு நாள் தெறக்கவே மாட்டாங்களோன்னு..." மீதியைக் குழாய்த் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. குழாயை மூடிவிட்டு, "அம்மா ஒரு தடவ சொன்னாங்க, நான் இல்லன்னா நீ நல்லா இருப்பேன்னு," என்றாள்.

எதிரே ஒரு பிள்ளை நிற்கிறது, கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டீச்சர் முந்தானையால் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"சொன்னது ரொம்ப நல்லதுடா தங்கம். இனிமே நான் பாத்துக்கறேன்."

நேரே பெரிய டீச்சர் அறைக்குப் போனார். விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். பெரிய டீச்சர் கவனமாகக் கேட்டார். அடடா என்றார். பாவம் என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடி துடைக்கப்பட்டால் காரியம் ஆகாது என்று ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இது வீட்டு விஷயம் டீச்சர். நாம தலையிட்டா, என் பொண்டாட்டியைப் பைத்தியம்னு சொன்னீங்களான்னு அந்த அப்பா வந்து நிப்பாரு. யாரு பதில் சொல்றது?"

"அந்த அம்மா தனியா இருக்காங்க மேடம். அந்தக் குழந்தை தினமும் அதை நெனச்சுக்கிட்டே இங்க உக்காந்திருக்கு."

"புரியுது. ஆனா நம்ம வேலை விழிப்புணர்வு. வைத்தியம் இல்ல. நீங்க பாட்டுக்கு வீட்டுக்கெல்லாம் போயிடாதீங்க. முறைப்படி நான் பாத்துக்கறேன்."

விழிப்புணர்வு என்றால் என்ன, தூங்கிக்கொண்டே விழித்திருப்பதா என்று டீச்சரின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் 'பாத்துக்கறேன்' என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டதே. சற்று முன்னால் தானும் அதே வார்த்தையைத்தான் ஒரு குழந்தையிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் கேட்டார். "பாத்துட்டிருக்கேன்," என்றார் பெரிய டீச்சர். அதற்கடுத்த வாரமும் கேட்டார். "இந்தப் பார்வை முடியட்டும் டீச்சர், இருக்கிற வேலையில..." கிணற்றில் போட்ட கல்தான்.

இந்தப் பார்வை என்பது மேலதிகாரி வருகை. குழந்தைகள் மனநலத்தில் முன்மாதிரிப் பள்ளிக்கூடம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு கேடயமாம். அவ்வளவுதான், பாடம் எல்லாம் பரண் ஏறிற்று. காலையிலும் மாலையிலும் ஒத்திகை. பயம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று பெரிய டீச்சர் கேட்பார். நம்பிக்கையான பெரியவர்களிடம் சொல்வோம் என்று பள்ளிக்கூடமே ஒரே குரலில் கத்தும். குரல் குறைந்தால் மறுபடி. பயத்தைப் பற்றி இவ்வளவு உரக்கப் பேசிய பள்ளிக்கூடம் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. அந்தக் கத்தலின் நடுவில் குடையின் வாயும் திறந்து மூடுவதை டீச்சர் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். கடித்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

அதிகாரி வருகிற அன்று காலை, மணி அடித்ததுமே பெரிய டீச்சர் புதுப் புடவையில் மூன்றாம் வகுப்புக்கு வந்தார். பலகையைப் பார்த்தார். சிரிப்புக் கயிறு நிறைந்திருந்தது. பயத்தில் குடை. கையை நீட்டி அந்தக் கிளிப்பைக் கழற்றினார், சிரிப்பில் ரயிலுக்கும் பூசணிக்கும் நடுவில் இடம் பண்ணி மாட்டினார். தலையை ஒரு பக்கம் சாய்த்து அழகு பார்த்தார்.

"மேடம், அது அவளோடது," என்றார் டீச்சர்.

"போட்டோ முடிஞ்சதும் மாத்திக்கட்டும். இன்னைக்கு ஒரு நாள்தானே." குடையின் கன்னத்தைத் தட்டினார். "சிரிச்ச மாதிரி இரு கண்ணு. அழகா இருப்பே."

பெரிய டீச்சர் வெளியே போனதும் டீச்சர் பலகைக்குப் போய்க் கையை வைத்தார். பின்னாலிருந்து சின்னக் குரல் வந்தது.

"வேணாம் டீச்சர். கொடி போயிடும்."

சொன்னது குடை.

அதிகாரி பெரிய உருவம். முழங்காலில் வலி போலிருக்கிறது, ஒவ்வொரு வகுப்பிலும் நின்று நின்று களைத்துப்போய், மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளின் குட்டி பெஞ்சு ஒன்றிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. பூசணிக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு சிரிப்புதான் அன்றைக்கு அந்த அறையில் உண்மையான சிரிப்பு. உடற்பயிற்சி ஆசிரியர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு செல்போனில் படம் எடுத்தபடி இருந்தார். பெரிய டீச்சர் கேள்வியைக் கேட்டார். வகுப்பு கத்தியது. அதிகாரி காதைத் தேய்த்துக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

"எல்லாரும் சிரிப்புலயே இருக்கீங்களே. உங்கள்ல யாருக்கும் எதுக்கும் பயமே கிடையாதா?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. பிள்ளைகள் பெரிய டீச்சரைப் பார்த்தார்கள். பெரிய டீச்சர் கூரையைப் பார்த்தார். ரயிலுக்குத் தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருக்க வராது.

"குடைக்கு இருக்கு சார். தினம் அங்கதான் மாட்டுவா. இன்னைக்குத்தான் மாட்டல."

"யாரும்மா குடை?"

குடை எழுந்து நின்றாள்.

"பயம் வந்தப்போ யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னேன் சார்."

"யார்கிட்ட?"

"எங்க டீச்சர்கிட்ட."

"நல்ல பொண்ணு. டீச்சர் என்ன பண்ணாங்க?"

குடை டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். குறை சொல்கிற பார்வை இல்லை. பதில் சரியா என்று பார்க்கிற பார்வை.

"பெரிய டீச்சர்கிட்ட சொன்னாங்க."

"சரி. பெரிய டீச்சர் என்ன பண்ணாங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பலகையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"குடையை எடுத்துச் சிரிப்புல மாட்டினாங்க சார்."

உடற்பயிற்சி ஆசிரியர் செல்போனைத் தாழ்த்திவிட்டார். இனி என்ன நடக்கும் என்று டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்கு மேல் யாராவது என்னம்மா பயம் என்று ஒரு வார்த்தை கேட்டுத்தானே ஆக வேண்டும்.

பெரிய டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். "குழந்தைங்க சார். மனசுல பட்டதை ஒளிக்காம சொல்லிடுவாங்க. அதுதான் நம்ம திட்டத்தோட வெற்றி."

அதிகாரி குடையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். எதையோ கேட்க வந்தவர் மாதிரி வாயெடுத்தார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கெட்டிக்காரி. பயப்படாம பேசறா," என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அடுத்தது நாலாம் வகுப்பா?"

போய்விட்டார்கள். எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு குழந்தை எழுந்து நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையான பதில் சொல்லி, இதைவிடத் தெளிவாக எந்த ஊர் பாஷையிலும் சொல்ல முடியாது என்கிற அளவுக்குச் சொல்லி, அதற்குக் கிடைத்தது கெட்டிக்காரி என்று ஒரு பட்டம். டீச்சருக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. அந்தக் கோபம் பெரிய டீச்சர் மேல் போயிற்று, அதிகாரி மேல் போயிற்று, ஊர் சுற்றிவிட்டுக் கடைசியில் தன் காலடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. டீச்சர் என்ன பண்ணாங்க? பெரிய டீச்சர்கிட்ட சொன்னாங்க. அவ்வளவுதான் பண்ணினாங்க. கூட்டத்தில் பொரிந்தார், வராந்தாவில் பொரிந்தார், வாய்க்கு வந்ததெல்லாம் பேசினார். இந்தக் குழந்தையின் வீடு பக்கத்துக் காய்கறிச் சந்தைக்குப் பின்னால்தான் இருக்கிறது. பட்டாசுக்குச் சத்தம்தான் வந்தது, கால் வரவில்லை.

பலகைக்குப் போனார். 'சிரிப்போம், ஜெயிப்போம்!' என்ற பட்டையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தார். நன்றாகத்தான் ஒட்டியிருந்தார்கள், பாதி நகம் போயிற்று. அடியில் அந்த எண் இருந்தது. ஓர் இலக்கம் கிழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

குடையின் கிளிப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "எங்க மாட்டணுமோ நீயே மாட்டு."

அவள் பயத்தின் கீழே மாட்டினாள்.

"டீச்சர், கொடி?" என்றான் ரயில்.

"கொடி கெடக்கட்டும்டா."

வாசலில் உடற்பயிற்சி ஆசிரியர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அடுத்த வகுப்புக்குப் போக மனசு வரவில்லை போலும். "நான் வர்ற வரைக்கும் என் வகுப்பைப் பாத்துக்கங்க. விசில் ஊதாம பாத்துக்கங்க," என்றார் டீச்சர். குடையின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்து, நாலாம் வகுப்பின் கைதட்டலைக் கடந்து வெளியே வந்தார். பெரிய டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்து எதையோ கேட்டது தெரிந்தது. திரும்பவில்லை.

சந்தைச் சந்தில் நடந்தபடியே அந்த எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தாள். டீச்சர் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள். அந்த அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இரண்டாவது தடவை சொல்லச் சொன்னாள்.

"இன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. பெரிய ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுன்னு கேளுங்க, சாயங்காலம் வரைக்கும் டாக்டர் இருப்பாங்க. அவங்க வரமாட்டேன்னா தனியா விட்டுட்டுத் திரும்பாதீங்க. அங்கேர்ந்தே எனக்குக் கூப்பிடுங்க, நாங்க ஆளனுப்பறோம்."

இவ்வளவுதான். ஒரு போன். இத்தனை வாரமாக ஒரு பளபளப்புக் காகிதத்துக்கு அடியில் கிடந்த ஒரு போன். டீச்சருக்கு நடுச் சந்தில் நின்று ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கையில் ஒரு குழந்தை இருந்ததால் கத்தவில்லை.

தக்காளிக் கூடைகளைத் தாண்டும்போது குடை கேட்டாள்.

"நான் தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?"

டீச்சர் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "வா," என்று மட்டும் சொன்னார்.

மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே மாடி. படி ஏறுகையில் கீழே இரும்பில் சுத்தியல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நீலக் கதவு. குடை தட்டினாள். பிறகு கதவில் காதை வைத்துக்கொண்டாள். தினமும் வைக்கிற இடம் போலிருக்கிறது, அவள் உயரத்துக்கு அந்த இடத்தில் மட்டும் வண்ணம் மங்கியிருந்தது.

சத்தம் இல்லை. மறுபடி தட்டினாள்.

பயம் வந்தால் ஆழமாக மூச்சு விட வேண்டும் என்று டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு மூச்சுகூட ஒழுங்காக வரவில்லை. ஒரு பெரிய மனுஷியால் ஒரு தடவைகூட நிற்க முடியாத இந்தக் கதவுக்கு முன்னால் இந்தப் பிள்ளை தினமும் நின்றிருக்கிறது. நின்றுவிட்டு, மறுநாள் காலையில் வந்து, கொடியையும் இழந்திருக்கிறது.

"தெறப்பாங்க டீச்சர். கொஞ்சம் நேரமாகும்," என்றாள் குடை. டீச்சரின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

உள்ளே ஏதோ இழுபடும் சத்தம். தாழ்ப்பாள் தடவப்படும் சத்தம். கதவு கொஞ்சமாகத் திறந்தது. பல நாள் வாராத தலை, வெளிச்சத்துக்குச் சுருங்கிய கண். டீச்சரைவிட வயசில் சின்னவள். மகளைப் பார்த்தாள், பள்ளிக்கூட நேரத்தில் மகளோடு நிற்கும் டீச்சரைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடம் வீட்டு வாசலுக்கு வந்தால் எல்லா அம்மாக்களும் கேட்கிற கேள்வியைத்தான் அவளும் கேட்டாள். அதைக் கேட்க அவளுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்திருந்தது.

"என்ன டீச்சர்... இவ ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா?"

"இல்லம்மா," என்றார் டீச்சர். "பள்ளிக்கூடம் மொத்தத்துலயும் பாடத்தை ஒழுங்கா படிச்சது இவ ஒருத்திதான். நாங்க யாரும் படிக்கல. உள்ள வரலாமா?"

அம்மா வழிவிட்டாள். குடை முன்னால் ஓடி, ஜன்னலைத் திறந்தாள்.